நாலு போல்ட்டில் ஒன்று

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் காயலாங்கடை மேடம். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அது அவள் காதுக்கு எட்டாமலும் இல்லை. எட்டியதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. இயந்திரவியல் துறையின் கடைக்கோடி அறையில் இரண்டு இரும்பு அலமாரிகள் நிறைய அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் உடைந்த சாமான்கள்தான். முறிந்த தண்டு, பல் கொட்டிய பற்சக்கரம், வயிறு வெடித்த குழாய், கழுத்து விட்டுப்போன கொக்கி. ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பையில், எண்ணெய் தடவி, ஈரம் படாமல் இருக்கும். "எங்க வீட்டுல வெள்ளிச் சாமானைக்கூட இவ்வளவு பத்திரமா வெக்க மாட்டாங்க" என்று துறைத் தலைவர் சொல்லிச் சிரிப்பார். அலமாரிகளைக் காலி செய்யச் சொல்லி அவர் அனுப்பும் சுற்றறிக்கைகளுக்கு மட்டும் அவள் பதில் போடுவதில்லை.

அவள் வகுப்பு இப்படி நடக்கும். மூன்று பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரு உடைந்த துண்டு. பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டும். "யார் உடைச்சாங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. எப்படி உடைஞ்சுதுன்னு சொல்லுங்க" என்பாள். குழுவில் ஒருவர் பார்ப்பவர், ஒருவர் தொட்டு அளப்பவர், மூன்றாமவர் மறுப்பவர். மறுப்பவருக்கு ஒரே வேலைதான். மற்ற இருவரும் என்ன முடிவுக்கு வந்தாலும் அது தப்பு என்று வாதாட வேண்டும். தன் மனதுக்கே அது சரியென்று பட்டாலும் விடக்கூடாது. யாருக்கு எந்த வேலை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வாள். மறுப்பு எழுதாத அறிக்கையைக் கையால் தொடமாட்டாள்.

இதை எந்தப் பயிற்சி முகாமிலும் அவள் கற்றுக்கொள்ளவில்லை. கல்லூரிக்கு வருவதற்கு முன்பு அவள் பம்பு செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்த பம்பின் ரப்பர் வைத்த இணைப்புத் தட்டு சிதறி, பக்கத்தில் நின்ற ஆப்பரேட்டரின் ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. விசாரணைக் குழுவில் அவள்தான் கடைக்குட்டி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சில நாட்களாகவே சத்தம் மாறியிருந்தது என்றார் ஒருவர். பம்புக்கு அடியில் ரப்பர் தூள் கொட்டிக் கிடந்ததாகவும் அதைத் தினமும் கூட்டி அள்ளியதாகவும் சொன்னார் துப்புரவு வேலை செய்யும் அம்மா. பேரிங் கை வைக்க முடியாமல் சுட்டது என்றார் இன்னொருவர். "இதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலையா?" என்று அவள் கேட்டபோது மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவரும் மூன்று ஷிஃப்ட். அன்றுதான் முதல் தடவையாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அறிக்கையின் கடைசி வரியில் 'ஆப்பரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அதன் பிறகு அந்த ஆலையில் அவளுக்கு நாற்காலி இருந்தது, வேலை இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தாள்.

கணவனும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிற ஆள்தான். ஊருக்கு வெளியே பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் செய்யும் ஆலையில் பராமரிப்புப் பொறுப்பாளர். ஓடாமல் நிற்கும் எந்திரத்தைக் கண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஓடுகிற எந்திரம் ஏன் ஓடுகிறது என்று யோசிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. வீட்டில் மிக்ஸி பழுதானால் இருவரும் ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரோடு உட்காருவார்கள். மிக்ஸி சீக்கிரம் சரியாகிவிடும். பேச்சுவார்த்தை சரியாக இரண்டு நாள் ஆகும்.

அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு மாலை, அவன் கால்சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு போல்ட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தான். இரண்டு துண்டாக இருந்தது.

"உன் காயலாங்கடைக்கு ஒரு வரவு" என்றான்.

"எதுல இருந்துச்சு?"

"மேல ஓடுற கிரேன்ல. கியர்பாக்ஸைப் பிடிச்சு வெச்சிருக்கிற நாலு போல்ட்டுல ஒண்ணு. நம்ம ஃபிட்டர் இருக்கானே, ஸ்பேனர் பிடியில பைப்பை மாட்டி நீட்டி முடுக்கித் தொலைச்சிருக்கான். தாங்காம பட்டுன்னு போயிடுச்சு."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு? கடைசியா அதுல கை வெச்சது அவன்தான். சஸ்பெண்ட் பண்ணியாச்சு. புது போல்ட் மாட்டியாச்சு. கிரேன் ஓடுது."

அவள் அப்போது விடைத்தாள் கட்டுக்கு நடுவில் இருந்தாள். போல்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் துணிப்பையில் போட்டுக் கட்டி, மறுநாள் அலமாரியில் வைத்துவிட்டாள்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் காலை, கணவன் இஸ்திரி போட்ட சட்டையில் கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றான்.

"யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

"தொட்டி வார்க்கிற புது அச்சு வருது. இதுவரைக்கும் நாங்க தூக்கினதிலேயே இதுதான் பெருசு. சாப்பாட்டுக்கு அப்புறம் கிரேன்ல ஏத்தி மெஷின்ல உக்கார வெக்கணும். முதலாளியே வந்து நிக்கப் போறாரு."

அன்று முற்பகல்தான் அந்த வகுப்பு.

அவள் அலமாரியிலிருந்து கைக்கு வந்த பைகளை எடுத்துக் குழுக்களுக்குக் கொடுத்தாள். கிரேன் போல்ட், சன்னலோர மேசைக்குப் போனது. அந்த மேசையில் மூன்று பேர். ஒருவன் பெயர் மைக். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். இன்னொருவன் பட்டறை, அவன் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். மூன்றாவது, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெண். அவளைக் கண்ணாடி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள், அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள்.

"இது ஒரு கிரேன்ல இருந்த போல்ட். அதிகமா முடுக்கினதால உடைஞ்சதுன்னு ஆலையில சொல்றாங்க. சரியான்னு பாருங்க" என்று மட்டும் சொன்னாள். எந்த ஆலை என்று சொல்லவில்லை.

"ஆலைக்காரங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன மேடம்? ஓவர் டைட்தான். எழுதிக் குடுத்துட்டு கேன்டீனுக்குப் போகலாம்" என்று மைக் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு அவன் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தான். மறுப்பவர். சுற்றியிருந்த மேசைகளில் சிரிப்பு எழுந்தது. அவன் சொன்ன முடிவை இனி அவனே எதிர்த்துப் பேச வேண்டும்.

அவன் எழுந்து நின்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் இந்த போல்ட்டை அளவோடதான் முடுக்கினார். அவர் மேல எந்தத் தப்பும் கிடையாது. அவருக்குப் பைப்புன்னா என்னன்னே தெரியாது."

"கத்தாதடா, கொஞ்சம் சும்மா இரு" என்றான் பட்டறை. அவன் பெட்டியில் துழாவி அதே அளவு நட்டு ஒன்றை எடுத்து, போல்ட்டில் மீதியிருந்த மரையில் வைத்து விரலால் சுழற்றினான். நட்டு தடங்கலில்லாமல் கடைசி வரை ஓடியது. கழற்றி மறுபடியும் ஓட்டினான். அவன் நெற்றி சுருங்கியது.

"என்னடா?" என்றாள் கண்ணாடி.

"அளவுக்கு மீறி முடுக்கியிருந்தா போல்ட் இழுபட்டு மரை நீண்டிருக்கும். நட்டு நடுவுலயே பிடிச்சுக்கும். எங்க பட்டறையில நூறு தடவை பார்த்திருக்கேன். இது வெண்ணெயில கத்தி மாதிரி இறங்குது."

"அப்ப என் கட்சிக்காரர் நிரபராதி" என்றான் மைக்.

"சிரிக்காம இங்க வந்து பாரு" என்றாள் கண்ணாடி. போல்ட் முறிந்த பரப்பை, அந்த உடைந்த முகத்தை, அவள் உருப்பெருக்கிக்கு அடியில் வைத்திருந்தாள். முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாக, அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. அதன் மேல் வளைவு வளைவாகக் கோடுகள், அலை வாங்கிப்போன மணலில் தெரிவது போல. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் இடம் கரடுமுரடாக, புதிதாகப் பளபளத்தது. "ஒரே இழுப்புல உடைஞ்சிருந்தா முகம் முழுக்க இந்த மூலை மாதிரி இருக்கணும். இது ஒவ்வொரு தடவை சுமை தூக்கும்போதும் மயிரிழை மயிரிழையா விட்டுக்கிட்டே வந்திருக்கு. கறுத்துப் போயிருக்கு பாரு. ரொம்ப நாளாவே விரிசல் இருந்திருக்கு."

மைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் குரலில் கோர்ட்டு இல்லை.

"இப்படி விடணும்னா போல்ட் தளர்வா இருந்திருக்கணும். ஒவ்வொரு தூக்கலுக்கும் ஆடியிருக்கணும். அதானே?"

"ஆமா."

"ஆனா சரியா முடுக்கினாருன்னு நான்தானே வாதாடிக்கிட்டு இருக்கேன். முடுக்கினதும் நிஜம், தளர்ந்ததும் நிஜம்னா, நடுவுல ஏதோ ஒண்ணு சுருங்கியிருக்கு. எது சுருங்கும்? இரும்பா சுருங்கும்?"

பட்டறை போல்ட்டின் தலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்த வாஷரை நகத்தால் நெம்பினான். அது வராமல் அடம்பிடித்து, பிறகு பிசுக்கென்று விட்டது. அடியில் மஞ்சள் பெயிண்ட். கெட்டியான பெயிண்ட். இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவிலிருந்து கிரீம் பிதுங்குவது போல வாஷரின் விளிம்பைச் சுற்றிப் பிதுங்கி நின்றது.

"பெயிண்ட் மேல வெச்சு முடுக்கியிருக்காங்க" என்றான் பட்டறை. "கியர்பாக்ஸுக்கு அடியிலயும் இப்படித்தான் இருக்கும். பாரம் ஏற ஏற பெயிண்ட் நசுங்கி வெளிய வந்துடும். அந்த இடைவெளிதான் தளர்ச்சி."

அவர்களுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒருவன் விரலாலும் ஒருத்தி கண்ணாலும் ஒருவன் வாயாலும் கண்டுபிடித்ததை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டபோது முதலில் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த மூச்சிலேயே காலையில் கணவன் சொன்ன புது அச்சு நினைவுக்கு வந்தது.

"அந்த இடத்துல இந்த மாதிரி நாலு போல்ட்" என்றாள். "ஒண்ணு உடைஞ்சு மாத்திட்டாங்க. மத்த மூணு?"

மைக் அவள் முகத்தைப் பார்த்தான். "அதுவும் அதே பெயிண்ட் மேலதான் உக்காந்திருக்கும் மேடம். அந்தக் கிரேன் இப்ப ஓடுதா?"

அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கணவனின் எண் அணைந்திருந்தது. ஆலைக் கூடத்துக்குள் போகும்போது எல்லோரும் கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அலுவலக எண்ணுக்குப் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண் இனிமையாகப் பேசினாள்.

"சார் ஷெட்ல இருக்காங்க மேடம். முதலாளி சீக்கிரமே வந்துட்டாங்க. அதனால வேலையை முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க. வந்ததும் சொல்லிடறேன்."

"வந்ததும் இல்லம்மா, இப்பவே போய்ச் சொல்லணும். கிரேனை…"

"கண்டிப்பா சொல்லிடறேன் மேடம்." தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டபோது லைன் பிஸி. அதற்கடுத்தும் பிஸி.

அவள் அறைக்கு ஓடிக் கார் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். துறைத் தலைவர் எதிரில் வந்தார்.

"வகுப்பை விட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒரு கிரேனை நிறுத்தணும் சார்."

"நம்ம கல்லூரியில கிரேனே இல்லையே" என்றார் அவர், நிஜமாகவே குழம்பிப் போய். அவள் அதற்குள் படிக்கட்டில் இருந்தாள்.

காரின் பின்கதவு திறந்தது. பட்டறையும் கண்ணாடியும் ஏறிக்கொண்டார்கள். மைக் முன்னால் ஏறினான். போல்ட் அவன் மடியில் துணிப்பையோடு இருந்தது.

"நீங்க எதுக்கு? இறங்குங்க."

கண்ணாடிதான் பதில் சொன்னாள். "நீங்க தனியா போய்ச் சொன்னா அது உங்க அபிப்பிராயம் மேடம். நாங்க மூணு பேர் மூணு விஷயம் பார்த்திருக்கோம். மூணும் சேர்ந்தாதான் யாரும் நம்புவாங்க."

வாதாட நேரமில்லை. அவள் வண்டியை எடுத்தாள்.

ஊரைத் தாண்டும் வரை எல்லாச் சிக்னலும் சிவப்பு. முன்னால் செங்கல் லாரி ஒன்று ஆமையாக ஊர்ந்தது. ஒலி எழுப்பினாலும் ஒதுங்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து கண்ணாடி ஆலை எண்ணுக்கு விடாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். லாரியைக் கடந்த பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும். அந்த ஆலையில பராமரிப்புப் பொறுப்பு என் வீட்டுக்காரர்."

மைக் மெதுவாகக் கேட்டான். "மேடம், நான் மறுப்பவன்ங்கறதால கேக்கறேன். நாம சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா, ஒரு வருஷத்துக்கு எனக்கு வீட்டுல மூணு வேளைச் சாப்பாட்டோட இந்தக் குத்தலும் சேர்த்துக் கிடைக்கும். தின்னுட்டுப் போறேன்."

"சரியா இருந்தா?"

அவள் வண்டியின் வேகத்தைக் கூட்டினாள்.

ஆலை வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "பாஸ் இருக்கா?" இல்லை. "இன்னிக்கு முதலாளி வந்திருக்காரும்மா. யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூடத்துக்குள்ளிருந்து கணகணவென்று மணி அடித்தது. கிரேன் நகரப் போகிறது என்று ஆட்களை எச்சரிக்கும் மணி அது. கணவன் வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறான்.

"ஐயா, நான் உள்ள போக வேணாம். உங்க இன்டர்காம்ல ஷெட்டைக் கூப்பிடுங்க. பராமரிப்பு சாரோட வீட்டுல இருந்து வந்திருக்காங்கன்னு சொல்லுங்க. அவசரம்னு சொல்லுங்க."

காவலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தினார். யாரோ எடுத்தார்கள். யாரையோ கூப்பிட்டார்கள். கடைசியில் கணவன் குரல் மூச்சு வாங்க வந்தது.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அச்சைத் தூக்கிட்டீங்களா?"

"கட்டியாச்சு. தூக்கப் போறோம். எதுக்கு?"

"தூக்காதீங்க. நீங்க குடுத்த போல்ட் அதிகமா முடுக்கி உடையல. தளர்ந்துபோய், ரொம்ப நாளா விரிசல் விட்டு உடைஞ்சிருக்கு. மத்த மூணும் அதே நிலைமையில இருக்கும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். பல்லைக் கடித்துப் பேசுகிறான் என்று தெரிந்தது. "உன் பசங்க விளையாட்டுக்கு இதுவா நேரம்? முதலாளி பக்கத்துல நிக்கறாரு. நான் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

"மேல ஏறிப் பார்த்தீங்களா, கீழ நின்னு பார்த்தீங்களா?"

"அது வந்து…" என்று அவன் இழுத்தான். அவள் ரிசீவரைத் திருப்பிப் பிடித்தாள். மூன்று பேரும் முறைவைத்துச் சொன்னார்கள். நட்டு தடங்கலில்லாமல் ஓடியதைப் பட்டறை சொன்னான். முகம் கறுத்திருந்ததைக் கண்ணாடி சொன்னாள். மைக் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சார், கியர்பாக்ஸைக் கழட்டி எப்ப பெயிண்ட் அடிச்சீங்க? மஞ்சள் பெயிண்ட்."

பெயிண்ட் அடிக்கச் சொன்னதே கணவன்தான். வெளியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் கண்ணுக்கு எல்லாம் புதுசாகத் தெரிய வேண்டும் என்று, அடிச்சட்டத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் கெட்டியாகப் பூசி, காய்ந்தும் காயாததுமாகத் திருப்பி மாட்டச் சொன்னவன் அவன். முடுக்கியது மட்டும்தான் ஃபிட்டர்.

அவள் ரிசீவரை வாங்கினாள். "ஒரே ஒரு நட்டு. மேல ஏறி ஸ்பேனரை வெச்சு லேசாத் திருகிப் பாருங்க. அது திரும்பலைன்னா நான் திரும்பிப் போயிடறேன். வீட்டுலயும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

"முதலாளிகிட்ட என்னன்னு சொல்ல?"

"பொண்டாட்டி கேட்டுக்கிட்டான்னு சொல்லுங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்."

தொடர்பு அறுந்தது. அவன் ஒத்துக்கொண்டானா, எரிச்சலில் வைத்துவிட்டானா என்று தெரியவில்லை.

நால்வரும் வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். கூடத்தின் பெரிய கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டாகத் தெரிந்தது. மறுபடியும் மணி அடித்தது. மோட்டார் உறுமும் சத்தம் எழுந்தது. பட்டறை கண்ணை மூடிக்கொண்டான். கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள், போட்டுக்கொள்ளவில்லை. மோட்டார் சத்தம் கொஞ்சம் நீண்டது. பிறகு சட்டென்று நின்றது. மணியும் நின்றது. யாரோ எதையோ உரக்கச் சொன்னார்கள்; வார்த்தை புரியவில்லை. மோட்டார் ஒரு நொடி மட்டும் முனகி அடங்கியது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்தில் நல்லதா கெட்டதா என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. காவலாளி தன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

வெகுநேரம் கழித்துக் கணவன் வெளியே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை முன்பக்கம் முழுக்கக் கிரீஸ். கையில் எதையோ பொத்திக்கொண்டு வந்தான். வாசலுக்கு வந்து விரல்களைப் பிரித்தான். பாதி போல்ட்.

"முதல் நட்டு விரலாலேயே திரும்பிடுச்சு" என்றான். "ரெண்டாவதுல ஸ்பேனரை வெச்சேன். போல்ட்டே பாதியா கையோட வந்துடுச்சு. மூணாவதை நான் தொடலை."

அவனே அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். "புதுசா மாட்டின ஒண்ணுதான் மொத்தத்தையும் பிடிச்சிட்டிருந்திருக்கு. அச்சைத் தரையிலேர்ந்து ஒரு சாண் எடுத்துட்டாங்க, நான் கத்தி நிறுத்தறதுக்குள்ள. அதை இறக்க வெச்சுட்டுத்தான் மேல ஏறினேன். சுத்தி ஆறு பேர். முதலாளியும்தான்."

மைக் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். கணவன் வாங்கினான். ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான்.

கிரேன் ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. கியர்பாக்ஸை இறக்கி, பெயிண்ட்டை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுத்து, எல்லா போல்ட்டையும் மாற்றி மாட்டினார்கள். முதலாளி கணவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசினார். வேலை தப்பியது. அவனுக்கு வர வேண்டிய உயர்வு வேறொருவருக்குப் போனது.

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் மாலை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நீ பசங்களைக் கூட்டிட்டு வந்திருக்க வேணாம். நீ மட்டும் வந்து சொல்லியிருக்கலாம்."

"நான் மட்டும் வந்து சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அவன் அதை நேர்மையாகவே யோசித்தான். "மாட்டேன்" என்றான்.

அவளும் சொல்ல ஒன்று வைத்திருந்தாள். "மேசை மேல வெச்சப்பவே நான் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கணும். பைக்குள்ள போட்டு மூடிட்டேன்."

இருவரும் கொஞ்ச நேரம் துணி மடித்தார்கள். "ஃபிட்டர் வீட்டுக்குப் போகணும். நீயும் வர்றியா?" என்றான்.

"நீங்க போங்க. நான் வந்தா அவரு என் முன்னாடி உங்களைத் திட்ட மாட்டாரு."

அவன் தனியாகப் போனான். ஃபிட்டர் உட்காரச் சொன்னார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது என்று அவன் பிற்பாடு சொன்னான்.

"பைப்பு போட்டு முடுக்கலைன்னு அன்னிக்கே சொல்ல வந்தேண்ணே. உங்களுக்குக் கேக்க நேரமில்லை."

"திரும்ப வேலைக்கு வந்துடு. பேசிட்டேன்."

"பஸ் டிப்போவுல சேர்ந்துட்டேன். அங்கயே இருக்கேன். ஆனா தப்பு என்னுதில்லைன்னு ஒரு தாள் வேணும். மாமனார் வீட்டுல இந்த ஒரு மாசமா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அவங்ககிட்ட காட்டணும்."

ஆலையின் முத்திரையோடு, தன் கையெழுத்தையும் போட்டு, அந்தத் தாளைக் கணவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

சன்னலோர மேசையின் அறிக்கைக்கு முழு மதிப்பெண் கிடைக்கவில்லை. உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி அழுத்திப் பார்த்து, கோடுகள் பாதியை அழித்துவிட்டான் மைக்.

"மேடம், ஆறு பேர் உசுரு தப்பிச்சிருக்கு" என்றான்.

"அந்த ஆறு பேருக்கும் சந்தோஷம்தான். எனக்கும்தான். முகத்தோட முகத்தைத் தேய்க்கக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

அடுத்த ஆண்டு, அந்த போல்ட்டை வகுப்பில் எடுத்தபோது, வந்து பேசச் சொல்லிக் கணவனைக் கேட்டாள். முடியவே முடியாது என்றுவிட்டான். அதற்கடுத்த ஆண்டு கேட்டபோது சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். கரும்பலகைக்கு முன்னால் நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். பெயிண்ட் அடிக்கச் சொன்னது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அந்த ஃபிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஏன் கேக்கலை?"

அவன் கையிலெடுத்த சாக்குத்துண்டை மேசை மேல் திருப்பி வைத்தான்.

"கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பான்" என்றான். "பதில் சொல்லியிருந்தா கிரேனை நிறுத்த வேண்டி வந்திருக்கும்."

இதை அவன் வீட்டில் அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து இருவரும் கார் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவன் கேட்டான்.

"அடுத்த வருஷமும் கூப்பிடுவியா?"

"கூப்பிட்டா வருவீங்களா?"

"கேள்வி கேக்காத பசங்களா இருந்தா வர்றேன்."

"அப்படி யாரையும் நான் விட்டு வைக்கறதில்லை" என்றாள் அவள்.

அவன் கதவைத் திறந்து உட்கார்ந்து, மறுபக்கக் கதவையும் உள்ளிருந்தே அவளுக்குத் திறந்துவிட்டான். "சரி, எந்தத் தேதின்னு முன்னாடியே சொல்லு" என்றான்.